விலக்குல இருந்து ஊருக்குள்ள ஒரு கிலோமீட்டர்



இது அறிக்கை இல்ல, கூட்ட அறிவிப்பும் இல்ல. நம்ம ஐடி விங்ல போஸ்டர் டிசைன் பண்ற பையன் எழுதுறேன். படிச்சது சிவில் இன்ஜினியரிங். பேஜ் பாத்துக்கிற அண்ணன் "எழுது தம்பி, ஆனா உள்ளதை எழுது"ன்னு சொன்னார். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுத்துப்பட்டுக் கிராமத்துல இருக்கிறவங்க மட்டுமாவது முழுசாப் படிங்க.

எங்க ஊர் இந்த ரெண்டு டவுனுக்கும் நடுவுல, மேற்கால, மலையைப் பாத்த மாதிரி இருக்கு. மெயின் ரோட்டுல விலக்கு. அங்கிருந்து ஊருக்குள்ள ஒரு கிலோமீட்டர். ஒரு பக்கம் கண்மாய்க் கரை, இன்னொரு பக்கம் தென்னந்தோப்பு. பாதி வழியில ரோடு வளையுற இடத்துல ஒரு பழைய பாசனக் கிணறு. அந்த ஒரு கிலோமீட்டர்ல 11 லைட் கம்பம். 2024 ஐப்பசியில எரிஞ்சது 4.

எங்க அத்தை மக ராஜபாளையத்துல ஒரு மில்லுல வேலை பாக்குறா. ரெண்டாவது ஷிப்ட் ராத்திரி 10 மணிக்கு முடியும். மில் வேன் விலக்குல இறக்கி விட்டுட்டுப் போயிரும். இவளோட சேந்து அஞ்சாறு பொண்ணுங்க, செல்போன் லைட்டை அடிச்சுக்கிட்டே நடந்து வருவாங்க. அன்னைக்கு மழை. வளைவுல ஒரு பைக் ஹெட்லைட் இல்லாம வந்திருக்கு. ஒதுங்கினவ ரோட்டை விட்டு இறங்கிட்டா. கால் சறுக்கி நேரா கிணத்துப் பக்கம்.

கிணத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. அவளுக்கும் கிணத்துக்கும் நடுவுல இருந்தது ஒரு சீமைக்கருவேலம்தான். ஊரே அதை வெட்டணும்னு சொல்லுது, நாமளும் எத்தனையோ தடவை போஸ்டர் போட்டிருக்கோம். அன்னைக்கு அவளைப் பிடிச்சு நிறுத்தினது அந்த முள்ளுதான். மணிக்கட்டு ஒடிஞ்சது, கையெல்லாம் கீறல். ரெண்டு மாசம் வேலைக்குப் போகல, ரெண்டு மாசச் சம்பளம் போச்சு.

மறுநாள் நான் என்ன பண்ணினேன்? கிணத்தையும் எரியாத லைட்டையும் போட்டோ எடுத்து, சிவப்பு எழுத்துல ரெண்டு வரி போட்டு, நம்ம குரூப் எல்லாத்துலயும் தட்டி விட்டேன். நல்லா ஓடுச்சு. பக்கத்து மாவட்டத்துல இருந்தெல்லாம் ஷேர் பண்ணினாங்க. ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா அதே 4 லைட்டுதான்.

எங்க தெருவுல தலையாரியா இருந்து ரிட்டையர் ஆன தாத்தா ஒருத்தர் இருக்கார். டீக்கடையில வச்சுக் கேட்டார்: "போட்டோ போட்டியே பேராண்டி, மனு போட்டியா?"

போடல. எங்க போடணும்னே எனக்குத் தெரியாது. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவனுக்கு, நம்ம ஊர் தெரு விளக்கு யாரோட பொறுப்புன்னு தெரியல. உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 110. கிராம ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகளை அது சொல்லுது. ஊராட்சி ரோடுகளைப் பழுது பாக்கிறதும், குடியிருப்புப் பகுதியில பொது இடத்துக்கு விளக்கு போடுறதும் அதுல இருக்கு. கம்பமும் கம்பியும் மின்வாரியத்தோடது. லைட்டு, அதை மாத்துறது, கரண்ட் பில் கட்டுறது எல்லாம் ஊராட்சி. அதனால பல்பு போனா ஊராட்சி, கம்பம் சாஞ்சா, கம்பி தொங்கினா மின்வாரியம். மின்வாரியத்துக்கு மின்னகம் நம்பர் 94987 94987. ஊராட்சிப் புகாருக்கு "ஊராட்சி மணி"ன்னு 155340. சாஞ்ச கம்பத்துக்கு ஊராட்சி ஆபீஸ்ல போய்ச் சண்டை போட்டா அவங்க ஒண்ணும் பண்ண முடியாது. நாம அதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்தோம்.

இன்னொண்ணு. ஒவ்வொரு கம்பத்துலயும் ஒரு நம்பர் எழுதியிருக்கும். "எங்க தெருவுல லைட் எரியல"ன்னு சொன்னா யாருக்கும் புரியாது. கம்பம் நம்பரோட சொன்னாத்தான் அது புகார். நாங்க 11 கம்பத்தோட நம்பரையும் ஒரு நோட்டுல எழுதினோம். எது எரியல, எது பகல்லயும் எரியுது, எதுல மூடி கழண்டு மழைத் தண்ணி உள்ள போகுதுன்னு குறிச்சோம். நம்ம மலையடிவாரத்து ஆடிக் காத்து உங்களுக்குத் தெரியும். லைட்டோட மூடியைக் கழட்டுறது அந்தக் காத்துதான், பல்பைச் சாகடிக்கிறது ஐப்பசி மழை. ஆடி முடிஞ்ச உடனே ஏறி இறுக்கி விட்டா பாதிப் பல்பு தப்பிக்கும். இதை எனக்குச் சொன்னது எங்க ஊர்ல தண்ணி திறந்து விடுற அண்ணன்தான். லைட் மாத்துறதும் அவர்தான். அவருக்கு ஒரு நல்ல ஏணி கூட இல்ல. நாம அவரைத்தான் திட்டிக்கிட்டு இருந்தோம்.

சரி, கிணத்துக்கு வருவோம். அது பட்டாக் கிணறு, தனியார் சொத்து. "அதுல ஊராட்சி தலையிட முடியாது"ன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. சட்டத்துல அதுக்கும் வழி இருக்கு. பழைய சி.ஆர்.பி.சி. 133-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1-ல இருந்து வந்த புது சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுல அது 152-ஆம் பிரிவு. பொது வழியை ஒட்டிக் கிணறோ குளமோ பள்ளமோ ஆபத்தா இருந்தா, வேலி போடச் சொல்லி கோட்டாட்சியர் உத்தரவு போடலாம். விழுற நிலைமையில இருக்கிற கட்டடத்தை இடிக்கவோ, பழுது பாக்கவோ, முட்டுக் கொடுக்கவோ சொல்லலாம். யார் சொத்தா இருந்தாலும் சரி. ஒரு வெள்ளைத்தாள் மனு, ரெண்டு போட்டோ, சர்வே நம்பர். அவ்வளவுதான் ஆரம்பம்.

இந்தப் பிரிவை வச்சுத்தான் 1980-ல ரத்லாம் நகராட்சி வழக்கு நடந்தது. மத்தியப் பிரதேசத்துல சாக்கடை நாத்தம் தாங்காத ஒரு வார்டு மக்கள் கேஸ் போட்டாங்க. நகராட்சி "எங்ககிட்ட பணம் இல்ல"ன்னு சொல்லுச்சு. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் உச்ச நீதிமன்றத்துல அதை ஏத்துக்கல. பணம் இல்லங்கிறது கடமையைத் தட்டிக் கழிக்கக் காரணம் ஆகாதுன்னு தீர்ப்பு வந்தது. 45 வருஷத்துக்கு முன்னாடி வந்த தீர்ப்பு. இன்னைக்கும் நம்ம ஊர்ல மனு கொடுத்தா முதல்ல வர்ற பதில் "ஃபண்ட் இல்ல தம்பி"ங்கிறதுதான்.

ஆனா எங்க கிணத்து விஷயத்துல கோட்டாட்சியர் வரைக்கும் போக வேண்டி வரல. இந்த இடத்துல உண்மையைச் சொல்லிரணும். கிணத்துக்காரர் நம்ம கட்சிக்காரர். பல வருஷ உறுப்பினர். கூட்டம்னா சாப்பாடு போடுறவர். கிணறு இப்படிக் கிடக்குங்கிறது எங்க கிளைக்கே தெரியும். "நம்ம ஆளு, எப்படிச் சொல்றது"ன்னு யாரும் வாயைத் திறக்கல. நானும்தான். என் போஸ்ட்ல கிணத்து போட்டோ இருந்துச்சு, கிணத்துக்காரர் பேர் இல்ல. வேற கட்சிக்காரர் கிணறா இருந்திருந்தா பேர், பதவி, பழைய போட்டோ எல்லாம் போட்டுக் கிழிச்சிருப்பேன்.

கடைசியில அத்தை மகளே போய்க் கேட்டா. கையில கட்டோட. "மாமா, அடுத்த தடவை முள்ளு இருக்குமான்னு தெரியல"ன்னு அவ்வளவுதான் சொன்னாளாம். தை பொறக்கிறதுக்கு முன்னாடி கல்லு இறக்கிட்டார். இடுப்பு உயரத்துக்கு மேல சுவர், மேல ஒரு கம்பி வலை. "எனக்கே கூச்சமா இருந்துச்சு தம்பி, யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல"ன்னு என்கிட்ட கேட்டார். எனக்குப் பதில் இல்ல.

லைட்டுக்கு இன்னும் கொஞ்சம் அலைஞ்சோம். அந்த நேரம் பாத்து 2025 ஜனவரி 5-ஓட ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிக்காலம் முடிஞ்சு போச்சு. 2019 டிசம்பர்ல தேர்தல் நடந்த 27 மாவட்டத்துல நம்ம விருதுநகரும் ஒண்ணு. அதுக்கப்புறம் தனி அலுவலர் நிர்வாகம்தான். இது புதுசும் இல்ல. 2016 அக்டோபர்ல இருந்து 2020 ஜனவரி வரைக்கும் இதே கதைதான் ஓடுச்சு. தேர்தல் ஏன் தள்ளிப் போகுது, யார் காரணம்னு நம்ம பேஜ்லயே தனியா நிறைய எழுதியாச்சு, இங்க அது வேண்டாம். நான் சொல்ல வர்றது வேற. தலைவர் இருந்தா வீட்டுக் கதவைத் தட்டலாம். பல ஊராட்சிகளைப் பாத்துக்கிற அதிகாரியோட கதவை எப்படித் தட்டுறது? அதுக்கு நமக்கு இருக்கிறது கிராம சபை ஒண்ணுதான். தலைவர் இல்லாட்டியும் கிராம சபை கூடுது.

வருஷத்துக்கு 6 கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாங்க மே 1-க்குப் போனோம். எங்க ஊராட்சி மாதிரி 501-ல இருந்து 3,000 பேர் வரைக்கும் உள்ள இடத்துல 100 பேர் வந்தாத்தான் குறைவெண் ஆகும். 500 பேருக்குள்ள உள்ள இடத்துல 50 போதும். 3,001-ல இருந்து 10,000 வரைக்கும்னா 200. பல ஊர்ல நூறு நாள் வேலை அட்டைக்காரங்களைக் கூட்டிக்கிட்டு வந்து உக்கார வச்சு, கையெழுத்து வாங்கி, மிச்சர் கொடுத்து அனுப்பிடுறாங்க. எங்க ஊர்லயும் அப்படித்தான் நடந்துக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கு மில்லுக்குப் போற பொண்ணுங்க 14 பேர் முன்வரிசையில வந்து உக்காந்தாங்க. மே தினம், மில் லீவு. அவங்கதான் பேசினாங்க. நோட்டைப் பாத்து ஒவ்வொரு கம்பத்து நம்பரா வாசிச்சாங்க. தீர்மானப் புத்தகத்துல எழுதினதைத் திரும்ப வாசிக்கச் சொன்னாங்க. முதல்ல எழுதியிருந்தது "தெரு விளக்குகள் பராமரிக்கத் தீர்மானிக்கப்பட்டது". அந்த ஒத்தை வரியை அடிச்சிட்டு, 7 கம்பத்து நம்பரையும் எழுத வச்சாங்க. நம்பர் இல்லாத தீர்மானத்தை எப்ப வேணும்னாலும் "முடிச்சாச்சு"ன்னு சொல்லிரலாம்.

இப்ப 11-ல 9 எரியுது. மீதி ரெண்டுக்கு கம்பமே மாத்தணும், மின்வாரியத்துல புகார் பதிவாகியிருக்கு.

நடக்காததையும் சொல்லணும். எங்க ஊர் மந்தையை ஒட்டி ஒரு பழைய பொதுக் கட்டடம். ரொம்ப நாளாப் பூட்டிக் கிடக்கு. வெளித் திண்ணையில பெருசுங்க தாயம் ஆடும், பசங்க மழைக்கு ஒதுங்கும். மேல பாத்தா கூரைக் காங்கிரீட்டு உதிர்ந்து கம்பி தெரியுது. இதைப் பத்திப் படிச்சவன்ங்கிற முறையில கொஞ்சம் விளக்கமாச் சொல்றேன், உங்க ஊர்லயும் இப்படி ஒண்ணு கண்டிப்பா இருக்கும்.

காங்கிரீட்டுக்குள்ள இருக்கிற கம்பிக்கு தண்ணி, காத்து பட்டா துரு பிடிக்கும். துரு பிடிச்ச இரும்பு, பழைய இரும்பை விட ரெண்டு மடங்குக்கு மேல இடம் எடுக்கும். உள்ள இடம் பத்தாது. அப்ப வெளிய இருக்கிற காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். நாம பாக்குற அந்தக் கம்பி நீளத்துக்கு நேரா ஓடுற வெடிப்பு, அப்புறம் தகடு தகடா விழுறது எல்லாம் இதுதான். பெரும்பாலும் ஆரம்பம் மொட்டை மாடியில. மழைத் தண்ணி போற குழாய் வாயில இலை அடைச்சிருக்கும், தண்ணி தேங்கும். இல்லாட்டி கைப்பிடிச் சுவருல ஒரு அரசங்கன்னு முளைச்சிருக்கும். சாமி மரம்னு யாரும் கை வைக்க மாட்டாங்க. வேர் உள்ள போன வழியிலேயே தண்ணியும் போகும்.

இதுக்கு நம்ம ஊர்ல பண்ற வைத்தியம், உதிர்ந்த இடத்துல சிமெண்ட்டு பூசி, மேல பெயிண்ட் அடிச்சு, கல்வெட்டு வைக்கிறது. துருவைச் சுரண்டாம, கம்பியைச் சுத்தம் பண்ணாம பூசினா உள்ள துரு வளந்துக்கிட்டே இருக்கும். வெளியில பாக்க நல்லா இருக்கும், அதுதான் ஆபத்து. வெடிப்பு தெரிஞ்சாலாவது ஜனங்க ஒதுங்கி நிப்பாங்க.

சோதிக்க பெரிய மிஷின் வேண்டாம். ஒரு கம்பை எடுத்துக் கீழ நின்னு கூரையைத் தட்டிப் பாருங்க. கெட்டியா இருந்தா கணீர்னு கேக்கும், உள்ள விட்டுப் போயிருந்தா டொப்புன்னு கேக்கும். (நேர் கீழ நிக்காதீங்க. தலையில ஹெல்மெட் போட்டுக்கோங்க, பைக்குக்குப் போடாதவங்களும்.) சுவர் வெடிப்புக்கு ஒரு பழைய உத்தி இருக்கு. வெடிப்பைக் குறுக்கா மூடுற மாதிரி ஒரு சின்னப் பட்டை சிமெண்ட்டோ ஜிப்சமோ பூசி, அதுலயே தேதி எழுதிருங்க. ரெண்டு மாசம் கழிச்சு அந்தப் பட்டையும் பிளந்திருந்தா சுவர் இன்னும் நகருதுன்னு அர்த்தம். அதோட போட்டோவை மனுவுல வையுங்க. "பாத்தா பயமா இருக்கு"ன்னு எழுதுறதுக்கும், தேதி போட்ட பட்டை பிளந்த போட்டோவுக்கும் ஆபீஸ்ல நடக்கிற வித்தியாசத்தை நீங்களே பாப்பீங்க.

இதெல்லாம் சின்ன விஷயமான்னு கேக்கிறவங்களுக்கு. 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் பக்கம் நடூர். மழையில ஒரு வீட்டுச் சுற்றுச்சுவர் விழுந்து பக்கத்து வீடுகள்ல தூங்கிட்டு இருந்த 17 பேர் செத்தாங்க. அந்தச் சுவர் ஆபத்துன்னு முன்னாடியே சொல்லியிருந்தோம்னு அந்த மக்கள் சொன்னாங்க. 2021 டிசம்பர் 17, நம்ம பக்கத்துத் திருநெல்வேலியில பள்ளிக்கூடக் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள். அதுக்கப்புறம்தான் மாநிலம் முழுக்க பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க உத்தரவு வந்தது. 2019 அக்டோபர்ல மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டி, மூடாத ஆழ்துளைக் கிணறு, 2 வயசுக் குழந்தை. கைவிட்ட போரை மூடணும்னு 2010-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்துச்சு, 2015-ல நம்ம மாநிலத்துல தனி விதியே வந்திருந்துச்சு. விதி ஒவ்வொரு ஊர் போர்க்குழி வரைக்கும் தானா நடந்து போகாது, யாராவது போய்ப் பாக்கணும்.

நம்ம ஊர் ஜனங்களுக்குப் பராமரிப்புன்னா என்னன்னு தெரியாம இல்ல. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாள் தேர் ஓடுறதுக்கு முன்னாடி சக்கரம், அச்சு, வடம் எல்லாம் பாக்காம யாராவது இழுப்பாங்களா? பாத்த பிறகுதான் ஆயிரக்கணக்கான கை வடத்தைத் தொடுது. தலைக்கு மேல இத்தனை ஆயிரம் லிட்டர் தண்ணியோட நிக்கிற மேல்நிலைத் தொட்டித் தூணை வருஷத்துக்கு ஒரு தடவை பாருங்கன்னு கேக்கிறது மட்டும் ஏன் பெரிய கோரிக்கையா இருக்கு? தொட்டி கழுவின தேதியைத் தொட்டியிலயே எழுதி வைக்கிற வழக்கம் இருக்குல்ல? அதே மாதிரி ஒவ்வொரு பொதுக் கட்டடத்துச் சுவருலயும் கடைசியா உறுதி சோதிச்ச தேதியை எழுதச் சொல்லி கிராம சபையில தீர்மானம் போடலாம்ங்கிறது என் யோசனை. பெயிண்ட் டப்பா செலவுதான். தேதி இல்லாத சுவரு தானாப் பேசும்.

நாம கேக்கிற மனுவைக் கொஞ்சம் பாருங்க. புது சமுதாயக்கூடம், புது நிழற்குடை, புது நாடகமேடை. புதுசுக்குத் திறப்பு விழா உண்டு, மைக் செட் உண்டு, நமக்குப் போஸ்டர் வேலை உண்டு. பழைய கட்டடத்துல மழைக்குழாய் அடைப்பை எடுத்ததுக்கு யாரும் ரிப்பன் வெட்டப் போறதில்ல. இது ஆளுங்கட்சி எதிர்க்கட்சி வித்தியாசம் இல்லாம எல்லாருக்கும் உள்ள வியாதி. எங்க விலக்குல நம்ம கொடிக்கம்பத்துக்குப் போட்ட திண்டு அத்தனை உறுதி. அந்தச் சிமெண்ட்டுல பாதி போதும், கிணத்துச் சுவரு ரெண்டு வரிசை ஏறியிருக்கும்.

இப்ப ஏன் எழுதுறேன்னா, ஆகஸ்ட் 15 கிராம சபை வருது. மழைக்கு முன்னாடி அக்டோபர் 2-லயும் ஒண்ணு இருக்கு, ஆனா அன்னைக்குத் தீர்மானம் போட்டு, மதிப்பீடு போட்டு, வேலை ஆரம்பிக்கிறதுக்குள்ள ஐப்பசி வந்துரும். ஆகஸ்ட்ல போட்டா ரெண்டு மாசம் கையில இருக்கு. தீர்மான நகலை மறக்காம கேளுங்க. தர மாட்டேன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்க, 30 நாளைக்குள்ள பதில் தரணும். பெரிய வேலைக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கு, மூணுல ஒரு பங்கு ஊர் போட்டா மீதி அரசு போடும். பட்டியல் இன மக்கள் வாழுற பகுதின்னா அஞ்சுல ஒரு பங்கு போதும். வெளியூர்ல, வெளிநாட்டுல இருந்துக்கிட்டு கமெண்ட்ல ஊரைத் திருத்துற நம்ம சொந்தங்களுக்கு இது நல்ல இடம். அப்புறம், வீட்டு வரி பாக்கி வச்சிருக்கிறவங்க அதைக் கட்டிட்டு வந்து பேசுங்க. எங்க வீட்டுலயே ரெண்டு வருஷம் பாக்கி இருந்துச்சு, அப்பாகிட்ட சண்டை போட்டுத்தான் கட்ட வச்சேன்.

வர்ற ஞாயிறு காலை 6 மணிக்கு எங்க ஊர் விலக்கு டீக்கடையில கூடுறோம். கண்மாய்க் கரையில ஆரம்பிச்சு மந்தை, தொட்டி, காலனி, சுடுகாட்டுப் பாதை வரைக்கும் நடந்து எழுதப் போறோம். காலனித் தெருவைக் கடைசிக்கு விடக் கூடாதுன்னு மில் பொண்ணுங்க சொல்லிட்டாங்க, அதனால அங்கதான் முதல்ல. கட்சித் துண்டு வேண்டாம். மத்தக் கட்சி அண்ணன்மாரையும் கூப்பிட்டிருக்கோம், ரெண்டு பேர் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. நோட்டு, பேனா, ஒரு கம்பு, ஹெல்மெட் எடுத்துக்கிட்டு வாங்க. தண்ணி திறந்து விடுற அண்ணனுக்கு ஏணி வாங்க உண்டியல் ஒண்ணு டீக்கடையில இருக்கும்.

உங்க ஊர்ல நடக்கிறதா இருந்தா கமெண்ட்ல ஊர் பேர் மட்டும் போடுங்க. மனு மாதிரியும், கம்பம் நம்பர் எழுதுற அட்டவணையும் அனுப்பி வைக்கிறேன்.